ஒரகடத்துக்கு ஒரு ரஹீம் வாத்தியார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில், மனைக்கல் நட்டு விலைபோகாமல் கிடக்கும் ஒரு லே-அவுட். ராத்திரி ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் பாதி, எட்டேகால் பஸ்ஸில் ஓ.டி.க்குப் போக வேண்டியவர்கள் பாதி என்று பதினான்கு பையன்கள். வந்ததும் முதல் வேலையாக ஷூவைக் கழற்றுகிறார்கள். முனையில் இரும்பு வைத்த சேஃப்டி ஷூ. அதோடு உதைத்தால் பந்தும் போச்சு, எதிரே நிற்பவன் கணுக்காலும் போச்சு. கழற்றியதில் இரண்டு ஜோடி இந்தப் பக்கம், இரண்டு ஜோடி அந்தப் பக்கம். கோல் போஸ்ட் தயார்.

ஆட்டம் வெறுங்காலில். சீமைக்கருவேல முள், உடைந்த ஹாலோ பிளாக் துண்டு, நேற்று யாரோ போட்டுவிட்டுப் போன பாட்டில் சில்லு எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தொடங்குகிறார்கள். ஒரு பக்கம் தர்மபுரி, கள்ளக்குறிச்சி, திருவாரூர். மறுபக்கம் மணிப்பூர், ஒடிசா, மேற்கு வங்கம். நாலு மொழியில் கத்துகிறார்கள். ‘பாஸ்’ என்ற ஒரு சொல்தான் எல்லோருக்கும் பொது.

“பூட்ஸ் வாங்கிக்கலாமேப்பா?”

கள்ளக்குறிச்சிப் பையன் சிரிக்கிறான். “வாங்கலாம்ணா. அடுத்த வாரம் எனக்கு எந்த ஷிப்ட்டுன்னு தெரியாது. அப்ரென்டிஸ் முடிஞ்சா இந்த ஊர்லயே இருப்பனான்னும் தெரியாது. அப்புறம் யாருக்குண்ணா பூட்ஸு?”

எழுபது வருடங்களுக்கு முன்னால் இந்திய அணியே இப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. 1952 ஜூலை 15, ஹெல்சிங்கி ஒலிம்பிக். குளிரில், வழுக்கும் புல்லில், நம் ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலோடு இறங்கினார்கள். யுகோஸ்லாவியா 10, இந்தியா 1. அந்த அடியை மைதானத்தின் ஓரத்தில் நின்று வாங்கிக்கொண்ட பயிற்சியாளர், ஐதராபாத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியார். பெயர் சையது அப்துல் ரஹீம். நாலே வருடத்தில் இந்தியாவை ஒலிம்பிக் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். பத்து வருடத்தில் ஆசியத் தங்கம்.

2024 ஏப்ரலில் ‘மைதான்’ என்ற இந்திப் படமாக அவர் கதை வந்தது. அஜய் தேவ்கன் ரஹீம், ப்ரியாமணி அவர் மனைவி, ஏ.ஆர். ரஹ்மான் இசை. பார்த்தவர்கள் கடைசி அரை மணி நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். படத்தின் கண் பதக்கத்தின் மேல்தான். எனக்கு அதற்கு முந்தைய பகுதிதான் பெரிதாகப் படுகிறது. கையில் காசில்லாத ஒரு வாத்தியார், ஒரு நகரத்தில் மைதானம், பயிற்சி, வேலை மூன்றையும் எப்படி ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தார் என்பது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கார், பைக், டயர், செல்போன், ஃப்ரிட்ஜ் என்று எல்லாம் செய்கிற இந்த வட்டாரத்தில் வேலை இருக்கிறது. இருபது வயதுப் பையன்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மிச்சம் இரண்டும்தான் காணோம்.

காலேஜ் டீமிலிருந்து கரும்பலகைக்கு

ரஹீம் பிறந்தது 1909 ஆகஸ்ட் 17, நிஜாம் காலத்து ஐதராபாத்தில். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கல்லூரி அணியில் ஆடினார். சிட்டி காலேஜில் படித்தவர்களும் படித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து நடத்திய ‘இலெவன் ஹன்டர்ஸ்’ அணியில் ஆடினார். பிறகு உள்ளூர் லீகில் பேர்பெற்ற கமர் கிளப். நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் ஆட்டக்காரராகவே இருந்திருந்தால் இன்று அவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

பி.ஏ. முடித்து ஆசிரியர் வேலைக்குப் போனார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று மாறி மாறிப் பாடம் நடத்தினார். நடுவில் உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கி, பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். நம் ஊர் பாஷையில் சொன்னால் பி.டி. வாத்தியார். 1940-களின் தொடக்கத்தில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானவர், சாகும்வரை அந்த நாற்காலியை விடவில்லை.

செயலாளராக அவர் செய்த காரியங்கள் கேட்க எளிமையானவை. குட்டையான பையன்கள் மட்டும் ஆடுவதற்கு உயரம் வரையறுத்து ஒரு போட்டி. பந்தை வைத்துக்கொண்டு யாரும் டிரிப்ளிங் பண்ணக் கூடாது, வந்த பந்தை உடனே தள்ளிவிட வேண்டும் என்று ஒரு போட்டி. வலதுகால்காரன் இடதுகாலால் மட்டும், இடதுகால்காரன் வலதுகாலால் மட்டும் உதைக்க வேண்டும் என்று இன்னொன்று.

மேலோட்டமாகப் பார்த்தால் தமாஷ். கொஞ்சம் யோசித்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாடம் இருக்கிறது. அந்தக் கால இந்திய ஆட்டம் தனி ஆள் வித்தை. ஒருவன் பந்தை வாங்கினால் மூன்று பேரைத் தாண்டிப் போக வேண்டும், கூட்டம் கைதட்ட வேண்டும். டிரிப்ளிங்குக்குத் தடை போட்டால் அவன் என்ன செய்வான்? தலையை நிமிர்த்தித் தோழன் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பான். பந்து இல்லாதவனும் சும்மா நிற்க முடியாது, பாஸ் வாங்கத் தோதான இடத்துக்கு ஓடுவான். பதினொரு பேரும் ஒரே ஆட்டத்தை ஆடத் தொடங்குவார்கள். பலவீனக் கால் போட்டியும் அப்படித்தான். ஒரே காலில் ஆடுகிறவனை எந்தப் பக்கம் மடக்க வேண்டும் என்று எதிராளிக்குத் தெரியும். இரண்டு காலிலும் ஆடுகிறவனிடம் அந்தக் கணக்கு பலிக்காது. இதற்கெல்லாம் ஜிம் வேண்டாம், வெளிநாட்டுக் கோச் வேண்டாம். ஒரு விசில், ஒரு பந்து, விதியை மாற்றிப் பார்க்கிற மூளை போதும்.

1953 நவம்பரில் வெம்ப்ளியில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என்று புரட்டிப் போட்டது. ஹங்கேரியின் நடு ஃபார்வர்டு ஹிடெக்குட்டி முன்னால் நிற்காமல் பின்னே இறங்கி நின்றார். அவரைக் காவல் காக்க வேண்டிய தடுப்பாளர் திண்டாடினார். கூடவே போனால் கோல் வாசலில் ஓட்டை, போகாவிட்டால் ஹிடெக்குட்டிக்குக் காலியிடம். அந்த உத்தியை ரஹீம் பிடித்துக்கொண்டார். இந்திய அணிகள் பழைய வரிசையிலேயே நின்று ஆடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் ஃபார்வர்டைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார்.

கான்ஸ்டபிள் வேலையும் கால்பந்தும்

1950-ல் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளரானார். இங்கேதான் கதை நம் ஊர்ப் பக்கம் திரும்புகிறது.

அன்றைக்குக் கால்பந்து ஆடிச் சம்பாதிக்க வழியில்லை. கல்கத்தா கிளப்களில் கொஞ்சம் காசு புழங்கியது, அவ்வளவுதான். ஐதராபாத்தில் ஏழைப் பையன் பந்தாடினால் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, ‘சோறு யார் போடுவா?’ என்பதுதான். அதற்குப் பதில் போலீஸ் அணியில் இருந்தது. நன்றாக ஆடினால் காக்கி உடுப்பு, மாதச் சம்பளம். பயிற்சிக்கு நேரம் உண்டு. அணி கலையாது, ஏனென்றால் வேலை போகாது. ஒரே ஆட்கள் பல வருடம் ஒன்றாக ஆடியதால் ஒருவன் எங்கே ஓடுவான் என்று மற்றவனுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

விளைவு, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை தொடர்ந்து 5 முறை, 1950 முதல் 1954 வரை. 1950-ல் டூரண்ட் கோப்பை, அதுவும் மோகன் பகானை வென்று. கல்கத்தாக்காரர்கள் கால்பந்து தங்கள் வீட்டுச் சொத்து என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. தெற்கிலிருந்து ஒரு போலீஸ் டீம் வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

சைக்கிள் வாடகை

துளசிதாஸ் பலராமைப் பற்றிச் சொல்லாமல் ரஹீம் கதை முடியாது. நமக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியவர். செகந்திராபாத் அம்முகுடாவில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா பெயர் முத்தம்மா. வீட்டில் வறுமை. போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸ் தோலில் செருப்புத் தைப்பவரிடம் ஒரு ஜோடி பந்தாட்ட பூட்ஸ் தைத்து வாங்கி ஆடியதாகச் சொல்வார்கள்.

அவர் ஆட்டத்தைப் பார்த்த ரஹீம், ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். செகந்திராபாத்திலிருந்து தினமும் போய்வர பையனிடம் காசில்லை. சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வா என்று ரஹீம் கையிலிருந்து ஒரு ரூபாய் கொடுத்தார். வாத்தியார் சம்பளத்தில் ஒரு ரூபாய்.

அந்தப் பையன் 1956 மெல்போர்ன், 1960 ரோம் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடினான். ரோமில் ஹங்கேரிக்கு எதிராக கோல் போட்டான். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூன்று பெயரைச் சேர்த்தே சொல்வது இந்தியக் கால்பந்தில் வழக்கமானது. பலராம் 2023 பிப்ரவரியில் கொல்கத்தாவில் காலமானபோது, தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை பேர் அவரை நம்மவர் என்று எழுதினார்கள் என்று தேடிப் பார்த்தேன். சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

▪ பெட்டிச் செய்தி: ரஹீம் ஸ்கோர் கார்டு

1951, டெல்லி ஆசிய விளையாட்டு: தங்கம். இறுதியில் ஈரானை 1-0 என வென்றது. கோல் மேவாலால், கேப்டன் சைலன் மன்னா.
1952, ஹெல்சிங்கி: யுகோஸ்லாவியாவிடம் 1-10. இதற்குப் பிறகுதான் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.
1956, மெல்போர்ன்: நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு. ஆஸ்திரேலியாவை 4-2 என வென்ற ஆட்டத்தில் நெவில் டிசூசா ஹாட்ரிக்.
1958, டோக்கியோ ஆசிய விளையாட்டு: நான்காம் இடம்.
1960, ரோம்: பிரான்சுடன் 1-1, ஹங்கேரியிடம் 1-2, பெருவிடம் 1-3.
1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு: தங்கம்.

ஜகார்த்தாவில் ஒரு சாயங்காலம்

மெல்போர்னில் பழைய யுகோஸ்லாவியாவே அரையிறுதியில் வந்து நின்றது. முதல் கோல் இந்தியாவுடையது, நெவில் போட்டார். பிறகு அவர்கள் நாலு போட்டார்கள். பத்துக்கு ஒன்று, நாலு வருடத்தில் நாலுக்கு ஒன்றாகிவிட்டது என்று கணக்குப் பார்க்கலாம். ஆட்டத்தின் பாதிவரை அவர்களைப் பதற வைத்தோம் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1962 வேறு மாதிரி. ரஹீமுக்குள் அப்போது புற்றுநோய் இருந்தது. ஜகார்த்தாவில் சூழ்நிலையும் சரியில்லை. இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு இந்தோனேசியா விசா மறுத்ததை இந்திய ஒலிம்பிக் பிரதிநிதி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபமெல்லாம் இந்திய வீரர்கள் மேல் திரும்பியது. மைதானத்தில் இறங்கினாலே கூச்சல்.

முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்தை 4-1 என்று வென்ற ஆட்டத்தில் தடுப்பாளர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல். ஜப்பானை 2-0. அரையிறுதிக்கு முன் ரஹீம் ஒரு காரியம் செய்தார். தலையில் கட்டோடு நின்ற ஜர்னைலைத் தடுப்பிலிருந்து எடுத்து நடு ஃபார்வர்டாகப் போட்டார். பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். ஆனால் பஞ்சாபில் கல்லூரியில் படித்தபோது ஜர்னைல் ஃபார்வர்டாக ஆடியவர். ஆட்டக்காரனின் பழைய காலேஜ் கதை வரைக்கும் தெரிந்து வைத்திருந்தார் வாத்தியார். தென்வியட்நாமை 3-2 என்று வென்றதில் ஒரு கோல் ஜர்னைலுடையது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு பையன்களைக் கூப்பிட்டு, நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கத்தை ஜெயித்துக் கொடுங்கள் என்று கேட்டார். செப்டம்பர் 4. மீண்டும் தென்கொரியா. 17-வது நிமிடம் பி.கே. பானர்ஜி, 20-வது நிமிடம் ஜர்னைல். 2-1. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கத்திய அரங்கத்தில், நமக்காகக் குரல் கொடுத்தவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் இருந்தார்கள். இதை இன்றைக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ், மதராஸ் ரெஜிமென்ட் ஆள். குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கும் அந்த ராணுவ மையத்தின் அணி 1955, 1958 இரண்டு வருடமும் டூரண்ட் கோப்பை வென்றது. எத்திராஜ், அருமைநாயகம் என்ற பெயர்களும் அந்த 1962 அணிப் பட்டியலில் உண்டு.

1963 ஜூன் 11-ல் ரஹீம் இறந்தார். வயது 53. பத்ம விருது எதுவும் கிடையாது. துரோணாச்சார்யா விருது அவர் செத்து 22 வருடம் கழித்துத்தான் தொடங்கியது.

அவர் போன பிறகு

1964 ஆசியக் கோப்பையில் வெள்ளி, 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். 1970 அணியின் கேப்டன் சையது நயீமுதீன், ரஹீம் கண்டெடுத்த ஐதராபாத் பையன்தான். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துப் பதக்கமே இல்லை. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவும் இல்லை.

காரணம் கேட்டால் பத்துப் பேர் பத்துச் சொல்வார்கள். உள்நாட்டு ஆட்டங்கள் அப்போது 90 நிமிடம் ஆடப்படவில்லை, 70 நிமிடத்தோடு விசில் ஊதிவிடுவார்கள். கடைசி இருபது நிமிடம் ஓட நம் கால்களுக்குப் பழக்கமில்லை என்பது ஒன்று. சங்கங்களின் அரசியல் இன்னொன்று. எல்லாம் உண்மைதான். நான் முதலில் சொல்வது வேலை. ரயில்வே, போலீஸ், ராணுவம், வங்கி, ஆலை என்று நிறுவனங்கள்தான் இந்தியக் கால்பந்தைச் சுமந்தன. பெங்களூரில் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி. பஞ்சாபின் பக்வாராவில் ஒரு துணி மில் இருந்தது. ஜே.சி.டி. மில்ஸ். 1996-97-ல் நடந்த முதல் தேசியக் கால்பந்து லீகை வென்றது அந்த மில் அணிதான். பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டா ஆள் எடுப்பு சுருங்கியது, மில்கள் நொடித்தன, அணிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. பெரிய பணத்தோடு இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். வந்தது. சென்னையின் எஃப்.சி. 2015, 2017-18 இரண்டு முறை கோப்பை வென்றது. நல்லதுதான். ஆனால் ஐ.எஸ்.எல்.லுக்குப் போகாத ஆயிரம் பேருக்குச் சோறு போடும் இடம் இல்லாமல் போய்விட்டது.

ரஹீமின் ஆட்கள் வேறு மாநிலங்களுக்கும் பாடம் கொண்டுபோனார்கள். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியைக் கேரளம் முதன்முதலாக வென்றது 1973-ல், எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில், ரயில்வே அணியை 3-2 என்று வீழ்த்தி. கேப்டன் மணி ஹாட்ரிக். அந்த அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ், ரஹீமின் ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த தமிழ்நாட்டுக்காரர். அந்த வெற்றியை மலையாளிகள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆக, ரஹீமின் பாடம் எங்கெங்கோ போய் முளைத்திருக்கிறது.

▪ பெட்டிச் செய்தி: நந்தனத்து அமெரிக்கர்

தமிழ்நாட்டு பி.டி. வாத்தியார்களுக்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு. ஹாரி குரோ பக். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கல்லூரியில் உடற்கல்வி படித்தவர். 1891-ல் கூடைப்பந்து பிறந்தது அந்தக் கல்லூரியில்தான். சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதல் என்பார்கள். இன்றைக்கு நந்தனத்தில் மரங்களுக்கு நடுவே இருக்கும் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவர்களில் ஒருவர். 1943-ல் சென்னையிலேயே இறந்தார். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பள்ளி மைதானங்களில் விசில் ஊதுகிற வாத்தியார்களின் பரம்பரை அந்த மரத்தடியிலிருந்து வருகிறது.

போர்டில் ஒரு பெயர், ஜெர்சியில் அதே பெயர்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங். ஒரகடத்தில் 2010-ல் ரெனோவோடு சேர்ந்து கார் ஆலை தொடங்கிய நிசான். அதே ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர். இந்தப் பெயர்களை நாம் நெடுஞ்சாலை போர்டுகளில் பார்க்கிறோம். கால்பந்து ரசிகனைக் கேட்டால் வேறு இடத்தில் பார்த்ததாகச் சொல்வான்.

தென்கொரிய லீகை அதிக முறை வென்ற அணியின் பெயர் ஜியோன்புக் ஹூண்டாய் மோட்டார்ஸ். சாம்சங்குக்கு சுவோன் சாம்சங் புளூவிங்ஸ், 1995-ல் தொடங்கியது. ஜப்பானின் யோகோஹாமா எஃப். மரினோஸ், 1972-ல் நிசான் மோட்டாரின் கம்பெனி அணியாகப் பிறந்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணி ஆடும் மைதானத்துக்குப் பல வருடம் காட்லீப் டைம்லர் பெயர்தான் இருந்தது. இன்னும் பின்னால் போனால், நெதர்லாந்தின் பி.எஸ்.வி. ஐந்தோவன் 1913-ல் பிலிப்ஸ் பல்புத் தொழிலாளர்களுக்காக வந்த அணி. ஆலை இருக்கிற ஊரில் ஆலைக்கு ஒரு டீம் இருப்பது உலகத்தில் புது விஷயமே இல்லை. நம் நாட்டிலேயே ஜாம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமி 1987-லிருந்து இருக்கிறது.

ஆண்டுக்கொரு முறை துறைவாரியாக டீம் பிரித்து ஆடி, மேனேஜர் கையால் கோப்பை வாங்கி, பிரியாணி சாப்பிட்டுக் கலைகிற கம்பெனி டோர்னமென்டுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவை பிரியாணிக்காக நடப்பவை.

இங்கே அணி கட்டினால் முதல் சிக்கல் ஷிப்ட். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் என்று வாரம் மாறினால் பதினொரு பேரும் ஒரே நேரத்தில் மைதானத்துக்கு வருவது அமாவாசைக்கு நிலா தேடுகிற கதை. இரண்டாவது, ஆட்கள் நிலையில்லை. அப்ரென்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட் என்று வருகிறார்கள், காலம் முடிந்ததும் மூட்டை கட்டுகிறார்கள். ரஹீமின் போலீஸ் அணி ஜெயித்ததற்கு மூல காரணமே வேலை நிரந்தரம் என்பதை யோசித்துப் பார்த்தால், ஒரகடத்துப் பையன் ஏன் பூட்ஸ் வாங்கவில்லை என்பது புரியும். மூன்றாவது நிலம். சிப்காட் வந்த பிறகு மந்தைவெளி, ஏரிக்கரை மேடு எல்லாம் ஒன்று வேலிக்குள் போய்விட்டன, இல்லையென்றால் மனையாகிவிட்டன. படப்பை, மாத்தூர் பக்கம் உள்ளூர்ப் பையன்களிடம் கேட்டால், அப்பா ஆடிய இடத்தில் இப்போது லாரி ஷெட் நிற்கிறது என்று கை காட்டுவார்கள். மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் டர்ஃப் இருக்கிறது. ஆனால் சம்பளத்தில் ரூம் வாடகை, மெஸ், ஊருக்கு அனுப்புவது போக மிஞ்சுவதில் டர்ஃப் மாதம் ஒரு தடவைதான்.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, வரம்புக்கு மேல் லாபம் ஈட்டும் கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற ஏழாம் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் எழுத்து வடிவிலேயே இருக்கின்றன. பள்ளிக்கு பெஞ்சு, ஏரிக்குத் தூர்வாரல், ஊருக்கு ஆர்.ஓ. பிளான்ட் என்று போகிற அந்தப் பணத்தில், நாலு பஞ்சாயத்துக்கு ஒரு முழுநேரக் கால்பந்து வாத்தியாரை வைக்கலாம். வாத்தியார் சம்பளம் ஒன்றும் அசெம்பிளி லைன் விலை இல்லை.

பதினெட்டாயிரம் பெண்கள்

இதுவரை பையன்களைப் பற்றியே பேசிவிட்டேன். இந்த வட்டாரத்தில் செல்போன் பூட்டுகிற கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு கெட்டு உடம்புக்கு முடியாமல் போன பிறகு, அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாடு கேட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ரூ.706.50 கோடியில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு திறந்தது. ஒரே வளாகத்தில் பதினெட்டாயிரம் இளம்பெண்கள்! எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கிடைக்காத கூட்டம்.

தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து ஆண்களைவிட எவ்வளவோ மேல். சந்தோஷ் டிராபியைத் தமிழ்நாட்டு ஆண்கள் இதுவரை தொட்டதில்லை. பெண்கள் 2018-ல் மணிப்பூரைத் தோற்கடித்து தேசியச் சாம்பியன் ஆனார்கள், 2023-ல் ஹரியானாவைத் தோற்கடித்து இரண்டாம் முறை. மதுரையின் சேது எஃப்.சி. 2018-19-ல் இந்திய மகளிர் லீகை வென்றது. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். ஐதராபாத் போலீஸுக்கு ரஹீம் ஆள் எடுத்த அதே வழி. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. காக்கி உடுப்பு கொடுத்த தைரியத்தை ஆலைச் சீருடையும் கொடுத்தால் எத்தனை இந்துமதிகள் தேறுவார்கள் என்று அந்தக் குடியிருப்பின் வாசலில் நின்று யோசித்தேன். பஸ்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஜன்னலோர சீட்டில் பாதிப் பேர் தூக்கத்தில்.

தொகுதிக்கு ஒரு மினி ஸ்டேடியம் என்று அரசு சொல்லியிருக்கிறது. வரட்டும். ஸ்டேடியத்தைத் திறந்துவைக்க ரிப்பன் வெட்ட ஆள் கிடைக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு விசிலோடு வந்து நின்று, இன்றைக்கு இடதுகாலில் மட்டும் ஆடு என்று சொல்வதற்கும், கைக்காசில் சைக்கிள் வாடகை கொடுப்பதற்கும் ஆள் வேண்டும்.

லே-அவுட்டில் ஆட்டம் 3-3. மணி எட்டைத் தாண்டிவிட்டது. மணிப்பூர் பையன் இடதுகாலால் வளைத்து ஒன்று விட்டான். கீப்பர் பாய்ந்தான். கோலா, வெளியேவா என்று சண்டை தொடங்குவதற்குள் மெயின் ரோட்டில் ஹாரன். ஓ.டி. பஸ்.

நாலு பேர் ஓடிவந்து கோல் போஸ்ட்டைக் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

“கோலாண்ணா அது?” என்று என்னைக் கேட்டான் கள்ளக்குறிச்சி.

போஸ்ட் இருந்த இடத்தில் மண்ணில் ஷூ அச்சு மட்டும் இருந்தது. பந்து எந்தப் பக்கம் போனது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மிச்சமிருந்தவர்களில் ஒருவன் ஹாலோ பிளாக் துண்டு இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான்.